நாணயத்தை வாசிக்கும் குழந்தை

“நாற்பத்தேழு, சார்.”

பெங்களூருவில் நான் பணியாற்றும் கிளைக்குச் சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை முற்பகலில் தாயுடன் வந்திருந்த ஏழு வயதுச் சிறுவன் சொன்ன விடை இது. அவன் பெயரில், தாயைப் பாதுகாவலராகக் கொண்டு, எங்கள் கிளையில் ஒரு சேமிப்புக் கணக்கு உண்டு. மண் உண்டியல் நிறைந்துவிட்டது என்று அதை உடைத்து, சில்லறையை ஒரு துணிப்பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். பையை யாரிடமும் தராமல் அவனே மார்போடு அணைத்துச் சுமந்து வந்தான். “எவ்வளவு வைத்திருக்கிறாய், தம்பி?” என்று கேட்டபோது, இம்மியும் தயங்காமல் நாற்பத்தேழு என்றான்.

எங்கள் காசாளர் எண்ணி முடித்தபோது தொகை 159 ரூபாயாக இருந்தது. ஒரு ரூபாய் நாணயங்கள் பதினான்கு, இரண்டு ரூபாய் பதினைந்து, ஐந்து ரூபாய் பதின்மூன்று, பத்து ரூபாய் ஐந்து. கூட்டிப் பாருங்கள்: நாணயங்கள் சரியாக நாற்பத்தேழு! சிறுவன் ஒன்றையும் விடாமல், ஒன்றையும் இருமுறை தொடாமல் எண்ணியிருந்தான். ஆனால், சொன்னதைவிடப் பன்மடங்கு பணம் தன்னிடம் இருந்தது என்று அறிந்தபோது அவன் மகிழவில்லை, முகம் வாடிவிட்டது. “பள்ளிக்கூடத்தில் கணக்கில் எப்போதும் முழு மதிப்பெண் வாங்குகிறான் சார், இங்கே வந்து மானத்தை வாங்குகிறான்” என்று தாய் சிரித்தபடி சொன்னார். அந்தச் சிரிப்பும் அவனுக்கு உதவவில்லை.

அன்று மாலை வீடு திரும்பும்போது அந்த முகமே நினைவில் நின்றது. அவன் செய்தது பிழையா? பொருள்களை எண்ணச் சொன்னால் குழந்தை எண்ணுகிறது. பத்து மாம்பழம் என்றால் பத்து. பத்து நாணயம் என்றால் மட்டும் அது பத்தாகவும் இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம். ஒரு பொருள் தன்னுள் பல ஒன்றுகளை அடக்கிக்கொண்டு நிற்கும் என்பதைக் குழந்தை முதன்முதலில் கையால் தொட்டு உணரும் இடம் நாணயம்தான். அந்த இடத்தை நாம் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறோம்.

நாணயம் எண்ணுவதில் உண்மையில் மூன்று வேலைகள் உள்ளன. முதலில் நாணயத்தை வாசிக்க வேண்டும்: இது எத்தனை ரூபாய்? அடுத்து, அதே மதிப்பாகத் தாவித் தாவி எண்ண வேண்டும்: பத்து, இருபது, முப்பது. மூன்றாவதுதான் கடினமானது, பத்து ரூபாய் முடிந்து ஐந்து ரூபாய் தொடங்கும் இடத்தில் தாவலின் நீளத்தை மாற்ற வேண்டும். நாற்பது, ஐம்பது என்று வந்த நாக்கு அறுபது என்று போகாமல் ஐம்பத்தைந்து என்று திரும்ப வேண்டும். வங்கியில் சேர்ந்த புதிதில் காசாளர் இருக்கையில் அமர்ந்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் எந்தக் காசாளரும் கலந்த சில்லறையைக் கலந்தபடியே எண்ணுவதில்லை. முதலில் பிரிப்பார், அடுக்குவார், பெரிய மதிப்பிலிருந்து தொடங்குவார்.

எங்கள் தலைமுறைக்கு இதை வீதி கற்றுக்கொடுத்தது. நாலணா என்று பெரியவர்கள் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்த 25 காசு நான்கு சேர்ந்தால் ஒரு ரூபாய். 10 காசு, 20 காசு, 50 காசு எல்லாம் கால்சட்டைப் பையில் கலந்து கிடக்கும். எங்கள் தாத்தாக்களின் பாடு இன்னும் கடினம். 1957 ஏப்ரல் 1ஆம் நாள் தசம நாணயமுறை வரும்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அறுபத்து நான்கு பைசா, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தம்பிடி. அதையும் மனத்துக்குள்ளேயே கணக்கிட்டார்கள். 2011 ஜூன் 30ஆம் நாளோடு 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாதவையாகிவிட்டன. 50 காசு சட்டப்படி இன்றும் செல்லும். ஆனால் அதைக் கடையில் நீட்டிப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

இன்றைய குழந்தை கடைக்குப் போனால், கைப்பேசி ஒரு சதுரத்தைப் படம் பிடிக்கிறது; ஓர் ஒலிபெருக்கி தொகையை அறிவிக்கிறது; பொருள் கைக்கு வருகிறது. வசதியை நான் குறை சொல்லவில்லை. அந்த வசதியை விற்பதும் என் வேலையில் ஒரு பகுதிதான். ஆயினும் அதில் குழந்தையின் விரலுக்கு வேலை இல்லை. அரிதாக ரொக்கமாகக் கொடுத்தாலும், மீதி இரண்டு ரூபாய்க்கு இரண்டு மிட்டாய் வருகிறது. குழந்தை அதை இலாபம் என்றே எண்ணுகிறது!

சந்தையின் கணக்கும் வகுப்பின் கணக்கும்

இரண்டாம் வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கும் சிறுவன் உண்டியலின் முன் திணறுவது தனிப்பட்ட ஒருவனின் குறை அன்று. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகிய நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்களும் அவர்களுடைய குழுவினரும் செய்த ஓர் ஆய்வு 2025இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளிவந்தது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் காய்கறி முதலியன விற்கும் சிறுவர்களை அவர்கள் அணுகினார்கள். விலையையும் எடையையும் பெருக்கி, கூட்டி, மீதி கொடுப்பதை அந்தச் சிறுவர்கள் தாளும் பேனாவும் இன்றி விரைந்து செய்தார்கள். அதே அளவு எளிய, இன்னும் எளிய கணக்குகளைப் பாடநூல் வடிவில் தாளில் கொடுத்தபோது தடுமாறினார்கள். பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளிடம் இது தலைகீழாக இருந்தது: தாளில் செய்தார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள்.

ஒன்றிலிருந்து மற்றொன்று தானாக வந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். வராது போலும். இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் தேவை. வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அமைக்கக்கூடிய அத்தகைய சிறு பாலம் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கருவிக்கே தெரியாத மதிப்பு

இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக முதலில் நான் தேடியது கடையில் கிடைக்கும் மின்னணு உண்டியலைத்தான். நாணயத்தைப் போட்டால் அதன் மதிப்பை அறிந்து, மொத்தத்தைச் சிறு திரையில் காட்டும் உண்டியல்கள் சில நாடுகளில் உண்டு. நாணயத்தின் விட்டத்தைக் கொண்டே அவை மதிப்பைக் கண்டுபிடிக்கும். நம் நாட்டு நாணயங்களிடம் அந்தத் தந்திரம் செல்லாது. ஏன் என்பதை வீட்டிலேயே ஓர் அளவுகோலுடன் நீங்கள் சோதிக்கலாம்.

2007இல் வெளிவரத் தொடங்கிய கைமுத்திரை வரிசையின் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்த்திய கட்டைவிரல் பொறித்தது. இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்தவுடன் ‘லைக்’ என்கிறார்கள். அதன் விட்டம் 25 மில்லிமீட்டர். 2011ஆம் ஆண்டு வரிசையின் இரண்டு ரூபாய் நாணயத்தின் விட்டமும் 25 மில்லிமீட்டர். 2019இல் அறிவிக்கப்பட்ட வரிசையின் ஐந்து ரூபாய்க்கும் அதே 25 மில்லிமீட்டர். மூன்றும் இன்று ஒரே சட்டைப்பையில் கிடக்கின்றன. மூன்றும் சட்டப்படி செல்லும். ஐந்து ரூபாய் மஞ்சள் சாயலுள்ள நிக்கல் பித்தளை, எடையும் கூடுதல் என்பதால் கண்ணும் கையும் அதைப் பிரித்துவிடும். ஆனால் அந்த ஒரு ரூபாயும் அந்த இரண்டு ரூபாயும் ஒரே துருப்பிடிக்காத எஃகு. எடையும் ஒன்றே, 4.85 கிராம். அளவுகோலும் தராசும் தோற்கும் இடம் அது. எழுதியிருப்பதை வாசித்தால் மட்டுமே வேறுபாடு தெரியும்.

பெரியது மதிப்பில் கூடியது என்ற குழந்தையின் இயல்பான ஊகமும் இங்கே உதவாது. 2011 வரிசையில் ஐந்து ரூபாய் 23 மில்லிமீட்டர், இரண்டு ரூபாயைவிடச் சிறியது. பத்து ரூபாயின் கதை தனி. அதில் பதினான்கு வடிவமைப்புகள் வெளிவந்துள்ளன, அனைத்தும் செல்லும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் தர நேர்ந்தது. ரூபாய்க் குறி உள்ளது அசல், இல்லாதது போலி என்று மக்கள் தாமே ஒரு சட்டம் இயற்றிக்கொண்டதே காரணம். அந்தக் குறியே 2010 ஜூலையில்தான் ஏற்கப்பட்டது. வடிவமைத்தவர் தமிழரான உதயகுமார். அதற்கு முன் அடித்த நாணயத்தில் அது எப்படி இருக்கும்? நாணயத்தை வாசிக்காமல் பார்வையால் மட்டும் எடைபோடும் பழக்கம் குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று.

எனவே, மதிப்பைக் கண்டுபிடிக்கும் கருவி எங்களுக்குக் கிடைக்கவில்லை. பிறகு யோசித்தபோது அது நல்லதாகவே பட்டது. மதிப்பைக் கருவி கண்டுபிடித்துவிட்டால் குழந்தைக்கு மிஞ்சும் வேலை என்ன? நாணயத்தைத் துளையில் போடுவது மட்டும்தான். வாசிக்கும் வேலை குழந்தையிடமே இருக்கட்டும். கூட்டும் வேலையை மட்டும், அதுவும் சரிபார்ப்பதற்காக, கருவியிடம் விடலாம்.

இரண்டு ஊசி, இரண்டு கம்பி, ஒரு கால்குலேட்டர்

எளிய மேசைக் கால்குலேட்டர்கள் பலவற்றில், அதிகம் பேர் கவனிக்காத ஒரு குணம் உண்டு. 0 + 5 என்று அழுத்தி, சமக்குறியை ஒருமுறை அழுத்தினால் 5 வரும். மீண்டும் சமக்குறியை மட்டும் அழுத்தினால் 10, மீண்டும் 15, 20. கடைசியாகச் சொன்ன கூட்டலை அது நினைவில் வைத்துக்கொள்கிறது. சில நிறுவனங்களின் கருவிகளில் கூட்டல் குறியை இருமுறை அழுத்தினால்தான் இப்படி நடக்கும். ஆகவே வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

இப்போது சமக்குறி விசையின் வேலையை நாணயத்திடம் ஒப்படைக்க வேண்டும். கால்குலேட்டரின் பின்மூடியைத் திறந்தால், ஒவ்வொரு ரப்பர் விசைக்கும் அடியில் பலகையில் ஒன்றையொன்று தொடாத இரு கறுப்புத் தடங்கள், இரண்டு சீப்புகளைக் கோத்து வைத்தாற்போலத் தெரியும். விசையை அழுத்தும்போது அதன் அடியிலுள்ள கரிப்பொட்டு அவ்விரண்டையும் இணைக்கிறது, சுற்று மூடுகிறது, கருவி அதை ஓர் அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. சமக்குறிக்கு உரிய அந்த இரு தடங்களோடு சேரும் செம்புப் பாதைகளிலிருந்து ஒவ்வொரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து வெளியே கொண்டுவர வேண்டும். இந்த ஒரு வேலைக்கு நடுங்காத கை வேண்டும். நான் செய்யவில்லை. தெருமுனையில் கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞர் தேநீர் ஆறுவதற்குள் முடித்துக்கொடுத்தார். எதற்கு என்று கேட்டுவிட்டுக் கூலி வாங்க மறுத்தார்.

வெளியே வந்த இரு கம்பிகளையும் எங்கே இணைப்பது? இங்குதான் நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தோம். அட்டையில் ஒரு சறுக்குப் பாதை செய்து, அதில் அலுமினியத் தாளை இரு பட்டைகளாக ஒட்டி, நாணயம் சறுக்கிச் செல்லும்போது இரண்டையும் தொட்டுச் செல்லும்படி அமைத்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மகள் பத்து ஒரு ரூபாய் நாணயங்களைச் சறுக்கவிட்டாள். திரை 14 என்றது.

“அப்பா, நாலு ரூபாய் கூடிடுச்சு!”

நான் ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தில் விழுந்தவற்றை எண்ணச் சொன்னேன். எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். திரையைப் பார்த்தாள். “அப்போ இதுதான் பொய் சொல்லுது” என்றாள்.

நாணயம் துள்ளிக்கொண்டே சறுக்குகிறது. பட்டையைத் தொட்டு, விட்டு, மீண்டும் தொடுகிறது. ஒவ்வொரு தொடுதலையும் கருவி தனி அழுத்தமாக எண்ணிவிடுகிறது. மின்னணுவியல் தெரிந்தவர்களுக்கு இது பழைய தொல்லை. ஆனால் என் மகளுக்கு அன்று கிடைத்தது அதைவிடப் பெரிது. திரையில் தெரிவதெல்லாம் உண்மை என்ற நம்பிக்கை, தன் விரலால் எண்ணிய எண்ணிக்கையின் முன் தோற்றது. நோட்டு எண்ணும் பொறி நூறு என்று காட்டியும் கட்டை மீண்டும் கையில் எடுக்கும் மூத்த காசாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஐயம் எங்கிருந்து தொடங்குகிறது என்று அன்று தெரிந்தது.

அடுத்த வாரம் சறுக்கைக் கைவிட்டோம். அறிவிப்புப் பலகையில் குத்தும் தட்டைத் தலைப் பித்தளை ஊசிகள் இரண்டை, தடித்த அட்டை ஒன்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் குத்தினோம். தலைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. அட்டைக்குக் கீழே ஒவ்வோர் ஊசியிலும் ஒரு கம்பியைச் சுற்றினோம். ஊசிமுனைகள் விரலில் படாதபடி அடியில் தெர்மகோல் துண்டு ஒன்றை ஒட்டினோம். அவ்வளவுதான். நாணயத்தை இரு தலைகளின்மீதும் வைத்து விரலால் ஒருமுறை அழுத்தினால் சுற்று மூடும், எண் தாவும். மிகச் சிறிய நாணயமும் இந்த இடைவெளியை எளிதில் எட்டும். முத்திரை குத்துவதுபோல் அழுத்தி எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டியதுதான்.

ஒரே ஓர் உறுப்பைப் பின்னால் சேர்த்தோம். அதுதான் இந்தக் கருவியில் மிகவும் பயன்பட்டது. அதில் மின்சாரம் இல்லை. திரைக்கு மேல் மடித்துத் தூக்கக்கூடிய ஓர் அட்டை மூடி.

சொல், அழுத்து, திற

விளையாட்டு இப்படி நடக்கும். ஒரு கைப்பிடிச் சில்லறையை மேசையில் கொட்டுவோம். மகள் ஒவ்வொன்றையும் திருப்பி எண்ணை வாசித்துப் பிரிப்பாள். எந்த மதிப்பில் தொடங்குவது என்பது அவள் விருப்பம். சில நாள் ஒரு ரூபாயில் தொடங்கி வழியில் தடுமாறினாள். பெரியதிலிருந்து தொடங்கினால் எளிது என்று யாரும் சொல்லாமலே ஒரு நாள் கண்டுகொண்டாள். பத்து ரூபாய் என்றால் 0 + 10 என்று அவளே கருவிக்குச் சொல்ல வேண்டும். மூடி மூடியே இருக்கும். நாணயத்தை அழுத்தும் முன் மொத்தத்தை வாயால் சொல்ல வேண்டும்: “பத்து.” அழுத்து. “இருபது.” அழுத்து. ஐம்பதில் பத்து ரூபாய் தீர்ந்தால், + 5 என்று மாற்ற வேண்டும். அந்த இரு விசைகளை அழுத்தும் நேரத்தில்தான் நான் முன்னே சொன்ன மூன்றாவது வேலை, தாவலின் நீளத்தை மாற்றுவது, குழந்தையின் மனத்தில் நடக்கிறது. வாய் பேசும் கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் நழுவிவிடும் அந்தத் திருப்பம் இங்கே விரல் செய்யும் ஒரு செயலாகிவிடுகிறது. எல்லாம் முடிந்தபின் மூடியைத் திறப்போம்.

சொன்னதும் திரையில் உள்ளதும் ஒன்றாக இருந்தால் ஆரவாரம். வேறாக இருந்தால் வீட்டில் அமைதி. ஏனெனில் யார் தவறு என்பது இன்னும் தெரியாது. அவளாகவும் இருக்கலாம், கருவியாகவும் இருக்கலாம். கிண்ணத்தைக் கொட்டி மறுபடியும் எண்ணுவதைத் தவிர வழியில்லை. இந்த அமைதியைப் பெற்றோர் கெடுத்துவிடக் கூடாது என்பதே என் ஒரே வேண்டுகோள். விடை நமக்கு முன்பே தெரிந்துவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். நான் இரண்டுமுறை கடித்துக்கொள்ளாமல் விட்டேன். இரண்டு முறையும் அவள் எழுந்து போய்விட்டாள்.

கடையில் மீதி வாங்குவதையும் இதில் பழகலாம். பதின்மூன்று ரூபாய்ப் பொருளுக்கு இருபது ரூபாய் கொடுத்தால் மீதி என்ன? பள்ளியில் இது கழித்தல். கடன் வாங்கி எழுத வேண்டும். கடைக்காரர் கழிப்பதே இல்லை. பதின்மூன்றிலிருந்து மேலே ஏறுகிறார்: இரண்டு வைத்தால் பதினைந்து, ஐந்து வைத்தால் இருபது. கருவியில் 13 என்று இட்டு, + 2, ஒரு நாணயம்; + 5, ஒரு நாணயம்; மூடியைத் திறந்தால் 20. கையிலிருந்து போனது ஏழு. சந்தைச் சிறுவர்களின் கணக்கு வகுப்பறைக் கணக்கோடு கைகுலுக்குவதை அந்த இடத்தில் பார்க்கலாம்.

இன்னொரு நாள், பத்து ரூபாயை எத்தனை விதமாகத் தரலாம் என்று கேட்டுவைத்தேன். 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்களைக் கொண்டு சரியாகப் பதினொரு விதங்கள் உண்டு. என் மகள் ஒன்பது வரை கண்டுபிடித்தாள். மீதி இரண்டையும் மறுநாள் பள்ளி வண்டியில் இருந்தபடி யோசித்தாளாம். உங்கள் வீட்டிலும் கேட்டுப்பாருங்கள். விடையைத் தாளில் எழுதாமல் நாணயங்களை அடுக்கியே காட்டச் சொல்லுங்கள்.

குழந்தைகள் கருவியை ஏமாற்றிப் பார்ப்பார்கள். தடுக்காதீர்கள். விளையாட்டுச் சாமான் கடையின் பிளாஸ்டிக் நாணயத்தை வைத்து அழுத்தினால் எண் அசையாது. பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது. “போலி நாணயம் செல்லாது” என்று என் மகள் தீர்ப்பளித்தாள். சற்று நேரத்தில் கருவிப்பெட்டியிலிருந்து ஓர் இரும்பு வாஷரை எடுத்துவந்து வைத்தாள். கருவி அதை ஐந்து ரூபாய் என்று ஏற்றுக்கொண்டது. “இதுக்கு ஒண்ணுமே தெரியலை அப்பா. நான் சொல்றதைத்தான் நம்புது.” உண்மைதான். அப்படியானால் வாஷரைக் கடைக்காரர் ஏன் வாங்கமாட்டார் என்று அவள் கேட்டாள். அரசு என்றும் ரிசர்வ் வங்கி என்றும் நாணயச் சாலை என்றும் நான் தொடங்கிய விளக்கம் இரவு உணவு வரை நீண்டது. வணிகவியல் படித்தவனுக்கு அதைவிட நல்ல கேள்வி எந்தத் தேர்விலும் வந்ததில்லை.

சில எச்சரிக்கைகள்

பொத்தான் வடிவ மின்கலத்தில் இயங்கும் சிறு கால்குலேட்டரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அந்த மின்கலம் பார்வைக்கு நாணயம் போலவே இருக்கும். குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய ஆபத்து அது. பென்சில் மின்கலத்தில் இயங்கும் மேசைக் கருவியே போதும். அதன் மின்கல மூடி திருகால் இறுக்கப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருந்தால், விளையாட்டு முடிந்ததும் நாணயங்களையும் எண்ணியே எடுத்துவைக்க வேண்டும். அதுவும் ஒரு பயிற்சிதான். நாணயத்தில் துளையிடுவதோ கம்பியைப் பற்றவைப்பதோ வேண்டாம், தேவையும் இல்லை. நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தடை செய்கிறது.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இதே கருத்தை மைக்ரோபிட் என்னும் சிறு பலகையில் செய்யலாம். இருபத்தைந்து விளக்குப் புள்ளிகளும் இரண்டு பொத்தான்களும் கொண்ட அதன் விளிம்பில் 0, 1, 2 என்று மூன்று பெரிய இணைப்புகள் உள்ளன. ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய்க்கு ஒவ்வொன்றாக ஒதுக்கி, கட்டளைக் கட்டங்களை அடுக்கி எழுதினால், “ஏழு ரூபாய் தா” என்று கருவியே கேட்கும். சரியானால் விளக்குகளில் ஒரு முகம் சிரிக்கும். நிதிக் கல்வி வாரத்தை ஒட்டி நான் சென்ற ஒரு பள்ளியில் அடல் ஆய்வுக்கூடம் இருந்தது. 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம் நாடெங்கும் சுமார் பத்தாயிரம் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காக அமைத்திருக்கும் கூடங்களில் ஒன்று. அங்கே எட்டாம் வகுப்பு மாணவர்கள் இதை ஒரே பிற்பகலில் செய்துவிட்டு, கீழ்த்தளத்தில் இரண்டாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றார்கள். ஒரு நாணயம் இருமுறை எண்ணப்படும் தொல்லை அவர்களுக்கும் வந்தது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பிறகு அரை நொடி பொறுக்கும்படி கட்டளை சேர்த்துத் தீர்த்தார்கள். என் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஒரு வரியாயிற்று.

மறுபடியும் அந்தச் சிறுவன்

நாங்கள் செய்த இரண்டாவது கருவியை அந்த நாற்பத்தேழு நாணயச் சிறுவனுக்குக் கொடுத்தனுப்பினேன். தாய் முதலில் தயங்கினார். எப்படி விளையாடுவது என்று மேசையிலேயே காட்டியபின் வாங்கிக்கொண்டார். வாடிக்கையாளருக்கு வங்கி அன்பளிப்பாக நாட்காட்டிதான் தருவது வழக்கம் என்று எங்கள் மேலாளர் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு நீண்ட நாள் அவர்களைக் காணவில்லை.

இவ்வாண்டு தொடக்கத்தில் இருவரும் வந்தார்கள். இம்முறை துணிப்பை இல்லை. பழைய இனிப்புப் பெட்டி ஒன்றில் நாணயங்கள் மதிப்புவாரியாகத் தாளில் சுருட்டப்பட்டு இருந்தன. சலானைத் தாய் முன்பே நிரப்பியிருந்தார்: 104 ரூபாய். காசாளர் சுருள்களைப் பிரித்து, அடுக்கி, விரலால் ஒட்டிச் சமன்செய்து எண்ணினார். “நூற்று மூன்று. ஒரு ரூபாய் குறைகிறதம்மா” என்றார். தாய் கைப்பையைத் திறந்து ஒரு ரூபாயைத் தேடத் தொடங்கினார்.

“இல்லை, நூற்று நாலு” என்றான் சிறுவன். குரல் சற்று நடுங்கியது, ஆனால் பின்வாங்கவில்லை. கவுன்டரின் உயரம் அவன் மூக்களவு. நுனிக்காலில் எம்பி அடுக்குகளைப் பார்த்தான். “ஒரு தடவை திருப்பிப் பாருங்க சார்.”

காசாளருக்கு வரிசையில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். இருந்தும், அவர் பழைய ஆள். ஒருவர் ஐயம் சொன்னால் எண்ணாமல் விடமாட்டார். ஒரு ரூபாய் அடுக்கை எடுத்து, நாணயங்களை ஒவ்வொன்றாக எண் தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டே வந்தார். கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல். அடுத்ததைத் திருப்பியவர் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். அதே அளவு, அதே நிறம், அதே எடை. 2011 வரிசையின் இரண்டு ரூபாய். சுருள்களைப் பிரித்து அடுக்கியபோது இடம் மாறியிருக்க வேண்டும்.

அந்த நாணயத்தை அவர் பக்கத்து அடுக்குக்கு நகர்த்தினார். ஒன்றும் பேசாமல் சலானில் முத்திரை குத்தி, அடிக்கட்டையைக் கிழித்து, தாயிடம் நீட்டவிருந்த கையைத் திருப்பிச் சிறுவனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கி, முதலில் தொகையை வாசித்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் பையில் வைத்துக்கொண்டான்.